மரின் ஹெட்லாண்ட்ஸில் 100 மைல்: ஒரே சுற்றை நான்கு முறை ஓடுவது குறித்து

கேள்வி
பதிவிட்டவர்: மிஷன்பீக்_வாணி

அனைவருக்கும் வணக்கம். நான் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன்; வயது 44. ஆறு ஆண்டுகளாக ஓடிவருகிறேன். இதுவரை நான்கு சாலை மாரத்தான்களையும், மலைப்பாதையில் மூன்று 50 கிலோமீட்டர் ஓட்டங்களையும், ஒரு 50 மைல் ஓட்டத்தையும் முடித்திருக்கிறேன். வருகிற அக்டோபர் தொடக்கத்தில், கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே உள்ள மரின் ஹெட்லாண்ட்ஸ் குன்றுகளில் நடைபெறும் 100 மைல் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ரோடியோ கடற்கரையில் தொடங்கி, உல்ஃப் ரிட்ஜ் முகடு, டென்னஸி பள்ளத்தாக்கு, பைரேட்ஸ் கோவ், மியூர் கடற்கரை ஆகியவற்றைத் தொட்டுத் திரும்பி, மரின்செல்லோ பாதையில் ஏறி, பாலம் தெரியும் முகட்டின் வழியாக மீண்டும் ரோடியோ கடற்கரைக்கே வந்துசேரும் 25 மைல் சுற்று அது. அதை நான்கு முறை ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்கு எதிர்த்திசையில் அமையும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5,000 அடி ஏற்றம். மொத்தக் காலவரம்பு 33 மணி நேரம்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன.

முதலாவது, மனம் பற்றியது. நான் முடித்த 50 மைல் ஓட்டம் ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிந்தது. நடுவில் விலக நினைத்தாலும் எப்படியும் உணவும் நீரும் தரும் அடுத்த உதவி நிலையம் வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் கால்கள் தாமாகவே முன்னே சென்றன. இங்கோ ஒவ்வொரு 25 மைலுக்கும் என் காரும், கணவரும், சூடான தேநீரும் இருக்கும் இடத்துக்கே திரும்பி வருவேன். அங்கிருந்து மறுபடி இருட்டுக்குள் கிளம்புவது எப்படி என்று பழகியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, மூடுபனியும் இரவும். காலை 7 மணிக்குத் தொடங்கினால், என் வேகத்தில் மூன்றாம் சுற்று முழுவதும் இருட்டில்தான் கழியும். எங்கள் ஊர்க் குன்றான மிஷன் பீக்கில் வெயிலில் ஏறியிறங்கிப் பழகிய எனக்குக் கடலோரப் பனியில் ஓடிய அனுபவம் மிகக் குறைவு.

மூன்றாவது, சற்றுத் தயக்கத்துடன் கேட்கிறேன். இது பாதுகாக்கப்பட்ட நிலம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்கள் வாழும் இடம் என்று பாதையின் தொடக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நூறு பேர் நான்கு சுற்று, இரவும் பகலுமாக ஓடுவது சரிதானா? சரியென்றால், எப்படி ஓடினால் அந்த நிலத்துக்குத் தீங்கு குறையும்?

மறுமொழி 1
பதிவிட்டவர்: குன்றேறி

அன்புள்ள வாணி அவர்களுக்கு,

முதல் ஐயத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். ஏனென்றால் அந்த இடத்தில்தான் நான் ஒருமுறை தோற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே குன்றுகளில் சுற்றுப்பாதையில் நடந்த 100 மைல் ஓட்டம் ஒன்றில், 75 மைல் முடித்து அதிகாலை மூன்று மணிக்கு ரோடியோ கடற்கரைக்கு வந்தேன். காயம் எதுவும் இல்லை, வயிறும் ஒத்துழைத்தது, காலவரம்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு இருந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி போர்வையைப் போர்த்தினார். ஐந்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது நிமிடமாயிற்று. கடற்காற்றில் உடல் நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் நிற்க வேண்டுமென்று காருக்குள் போனேன். காரின் வெப்பமூட்டியைப் போட்டார்கள். அத்துடன் என் ஓட்டம் முடிந்தது. எந்த முகட்டிலும் விழாத நான், சமதளத்தில், தொடக்கக் கோட்டிலிருந்து 200 அடி தள்ளி நின்ற காருக்குள் தோற்றேன். அந்த வருத்தம் ஓராண்டு என்னைவிட்டு அகலவில்லை.

மறு ஆண்டு நான்கு மாற்றங்களைச் செய்து முடித்தேன். காரை ரோடியோ கடற்கரையில் நிறுத்த வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் டென்னஸி பள்ளத்தாக்கில்தான் என்னைச் சந்தித்தார்கள். ரோடியோ கடற்கரையில் என் பையை மட்டும் வைத்தேன். அதற்குள் சுற்றுக்கொரு துணிப்பை, ஒவ்வொன்றிலும் அந்தச் சுற்றுக்குரிய சாக்ஸ், விளக்கு, மின்கலம், உணவு. உட்காரவே கூடாது என்று முடிவு செய்தேன். சாக்ஸ் மாற்றுவதற்குக்கூட வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டேன். நான்காவதுதான் முக்கியம்: விலகுவதா தொடர்வதா என்ற முடிவைத் தொடக்க இடத்தில் எடுப்பதில்லை என்று எனக்கு நானே வாக்களித்துக்கொண்டேன். விலக வேண்டுமானால் அடுத்த உதவி நிலையத்தில் விலகலாம்; அதுவரை சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாவது போக வேண்டும். ரோடியோ கடற்கரையிலிருந்து மேலே ஏறும் முதல் அரை மைலில் உடல் சூடாகிவிடும். சூடான உடல் வேறு முடிவை எடுக்கும். அந்த ஆண்டு மூன்றாம் சுற்று முடிந்ததும் உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

சுற்றுப்பாதையைப் பலர் சலிப்பு என்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒரே வழியில் செல்லும் ஓட்டத்தில் அடுத்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தெரியாததற்காகச் சக்தியைச் சேமித்துவைத்துக்கொண்டே ஓட வேண்டும். இங்கு முதல் சுற்று உங்களுக்குப் பாடம். உல்ஃப் ரிட்ஜிலிருந்து டென்னஸி பள்ளத்தாக்குக்கு இறங்கும் சரிவு எவ்வளவு செங்குத்தானது, பைரேட்ஸ் கோவ் படிகளில் எந்த இடங்களில் படி உயரம் மாறுகிறது, சிவப்பு செர்ட் பாறையின் சில்லுகள் எந்த வளைவில் சரளைபோல் கிடந்து காலை வழுக்குகின்றன என்பதையெல்லாம் வெளிச்சத்தில் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்று முதல் சுற்றின் திசையிலேயே வருவதால், இருட்டில் அதே பாதையை நினைவால் ஓடலாம். எதிர்த்திசை மாற்றத்தால் கால்களுக்கும் ஒரு நன்மை உண்டு: முதல் சுற்றில் தொடைகளை நொறுக்கிய சரிவு இரண்டாம் சுற்றில் ஏற்றமாகிவிடும்.

மரின்செல்லோ பாதையை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மைல் தூரம் அந்த ஏற்றம் ஒரே சீராக இருக்கும். திடீர்ச் செங்குத்து எதுவும் கிடையாது. நூறு எட்டு ஓட்டம், ஐம்பது எட்டு நடை என்று எண்ணிக்கொண்டே ஏறினால் இரவில் மனம் அலையாது. அந்தப் பாதை ஏன் அவ்வளவு சீராக இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. அதைக் கீழே வேறு யாராவது சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

மூடுபனி பற்றிச் சுருக்கமாக: தலைவிளக்கைத் தலையில் மாட்டினால் பனித்துளிகளில் பட்டு ஒளி கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெண்சுவர் நிற்பதுபோல் தோன்றும். விளக்கை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது கைவிளக்கைத் தொடை உயரத்தில் பிடியுங்கள். அப்போது கற்களின் நிழல் நீண்டு விழுவதால் மேடுபள்ளம் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகுமே தவிரச் சீராகாது. குறைந்த அளவிலேயே வையுங்கள். வழிகாட்டக் கட்டியிருக்கும் குறிநாடா தெரியாமல் ஐந்து நிமிடம் போய்விட்டதாகத் தோன்றினால், கடைசியாகப் பார்த்த நாடா வரை திரும்பி வாருங்கள். டென்னஸி பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் வந்ததே மூடுபனியால்தான்: 1853இல் டென்னஸி என்ற நீராவிக் கப்பல் பனியில் கோல்டன் கேட் நுழைவாயிலைத் தவறவிட்டு அந்தச் சிறு விரிகுடாவில் தரைதட்டியது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர், கப்பல் சிதைந்தது.

மறுமொழி 2
பதிவிட்டவர்: காட்டுலூப்பின்

சகோதரி, உங்கள் மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியடைந்தேன். ஓட்டக்காரர்கள் பொதுவாக அதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை. நான் இந்தக் குன்றுகளில் வார இறுதிகளில் களைச்செடி அகற்றும் தொண்டில் ஈடுபடுபவன்; ஓடுபவனும்கூட. எனவே இரண்டு பக்கமும் நின்று பேச முயல்கிறேன்.

குன்றேறி அவர்கள் விட்டுவைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1960களில் இந்தக் குன்றுகளின் நடுவே மரின்செல்லோ என்ற பெயரில் ஏறத்தாழ 30,000 பேர் வாழும் புதிய நகரம் ஒன்றை எழுப்பத் திட்டமிட்டார்கள். தாமஸ் ஃப்ரௌஜ் என்ற கட்டுமான முதலாளி முன்னின்றார். கல்ஃப் ஆயில் நிறுவனம் பணம் போட்டது. மாவட்ட நிர்வாகமும் ஒப்புதல் அளித்துவிட்டது. டென்னஸி பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து அந்த நகரத்துக்குள் நுழைவதற்காக வெட்டப்பட்ட பெருஞ்சாலையின் தடம்தான் இன்றைய மரின்செல்லோ பாதை. வாகனங்கள் ஏறுவதற்காகச் சரிவைச் சீராக வெட்டினார்கள். அதனால்தான் ஓடுபவர்களுக்கு அது இதமாக இருக்கிறது. உள்ளூர் மக்கள் வழக்குத் தொடுத்துப் பல ஆண்டுகள் போராடினார்கள், திட்டம் நின்றது. 1972இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, அதே ஆண்டில் உருவான கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் சேர்ப்பதற்கு வழிசெய்தது. அந்த முயற்சிக்குத் துணைநின்ற மார்த்தா கெர்போடின் பெயரைத்தான் அங்குள்ள கெர்போட் பள்ளத்தாக்கு தாங்கி நிற்கிறது. மூன்றாம் சுற்றில், நள்ளிரவில், அந்த முகட்டில் ஏறி நின்று விளக்கை அணைத்துப் பாருங்கள். தெற்கே சான் பிரான்சிஸ்கோ வானத்தில் ஒளி பரவியிருக்கும். உங்கள் காலடியிலுள்ள பள்ளத்தாக்கில் ஒரு விளக்குகூட இருக்காது. அந்த இருட்டை வழக்காடிப் பெற்றுத்தந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கு போட்டி நடத்தத் தேசியப் பூங்காத் துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். பாதைகள், ஆள் எண்ணிக்கை, கூடாரம் போடும் இடம் எல்லாம் அந்த அனுமதிக்குள் அடங்கும். சுற்றுப்பாதை அமைப்பு நிலத்துக்கு ஒருவகையில் நல்லது: நான்கு இடங்களில் உதவி நிலையம் போட்டால் போதும், பொருள்களை ஏற்றிச்செல்லும் வண்டிகள் குறையும், கட்டி அவிழ்க்க வேண்டிய குறிநாடாவும் குறையும். ஆனால் மிதிபடுதல் பெருகும். நூறு பேர் நான்கு சுற்று என்றால் ஒரே இடத்தை நானூறு முறை கடப்பதாகும். பழைய இராணுவச் சாலைகளிலும் அகலமான தீத்தடுப்புச் சாலைகளிலும் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஒற்றையடிப் பாதைகளில்தான் சிக்கல். அதிலும் எதிர்த்திசையில் வருபவர்கள் சந்தித்துக்கொள்ளும்போதுதான். இருவரும் வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் ஆளுக்கொரு பக்கம் செடிக்குள் காலை வைத்து விலகுவார்கள். அப்படி நானூறு முறை விலகினால், மாலைக்குள் ஓரடிப் பாதை மூன்றடிப் பாதையாகிவிடும்.

அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மிஷன் நீலம் என்ற சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி 1976 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அது லூப்பின் செடிகளில் மட்டுமே முட்டையிடும். அதிலும் மூன்று வகை லூப்பின்களில் மட்டுமே. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான் அது பறக்கும். அக்டோபரில் நீங்கள் ஓடும்போது ஒரு பூச்சியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் அடுத்த ஆண்டுக்குரிய தலைமுறை முழுவதும் புழுப் பருவத்தில், அந்தச் செடிகளின் அடியிலுள்ள சருகுக்குள் அசைவற்று உறங்கிக்கொண்டிருக்கும். பூவும் பூச்சியும் இல்லாத காலத்தில் வெறும் காய்ந்த புதர்போலத் தெரிவதால்தான் மக்கள் தயங்காமல் மிதிக்கிறார்கள்.

ஆகவே, ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் பாதைக்குள்ளேயே நின்றுவிடுங்கள். தோளைத் திருப்பிக்கொண்டால் இருவர் கடக்க இடமிருக்கும். மேலே ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது பொதுவான மரபு. இதில் போவது பத்து நொடி. 33 மணி நேரத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு காரணமும் உண்டு: பாதையோரத்தில் விஷ ஓக் தாராளமாக வளர்ந்திருக்கிறது. அதன் எண்ணெய் தோலில் பட்டால் இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பும். ஆடையிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். செடிக்குள் காலை வைக்காதிருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஓடும்போது சக்திக்காக உண்ணும் ஜெல்லின் உறையைக் கிழிக்கும்போது அதன் மேல்முனைத் துண்டு பிரிந்து விழும். முழு உறையைப் பையில் வைப்பவர்கள்கூட அந்தச் சிறு துண்டைத் தவறவிடுகிறார்கள். ஓட்டத்துக்கு மறுநாள் நாங்கள் பொறுக்குவதில் அதுதான் மிகுதி. உறையை முழுவதும் கிழிக்காமல் ஓரத்தில் தொங்கவிடப் பழகுங்கள். ஷூவின் அடியிலுள்ள மண்ணைத் தொடங்கும் முன்பும், வீடு திரும்பும் முன்பும் தேய்த்துக் கழுவுங்கள். 1990களின் நடுவில் இந்த மரின் மாவட்டத்தில்தான் ஓக் மரங்கள் திடீரெனச் சாகும் நோயை முதலில் கவனித்தார்கள். அதற்குக் காரணமான கிருமி ஈரமண்ணுடன் ஷூவில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடியது. மிஷன் பீக்கில் பயிற்சி செய்த ஷூவை அப்படியே போட்டுக்கொண்டு இங்கு வராதீர்கள்; இங்கு போட்டதை அப்படியே அங்கே கொண்டுபோகவும் வேண்டாம்.

ஓடுவது சரிதானா என்று கேட்டீர்கள். ஓடலாம் என்பதே என் கருத்து. இந்த நிலத்தை நகரமாகாமல் காத்தவர்கள், மக்கள் நடந்து திரிவதற்காகவும்தான் அதைக் காத்தார்கள். ஆனால் ஓடுபவர் ஓட்டத்துக்கு முன்பாக ஒரு நாளாவது அங்கே மண்வெட்டி பிடித்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் கலந்துகொள்ள எட்டு மணி நேரத் தொண்டு கட்டாயம். எல்லா ஓட்டங்களிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும். பிரெஞ்சு புரூம் என்ற அயற்செடியைப் பிடுங்கவும், நாற்றங்காலில் உள்ளூர்ச் செடிகளைப் பதியம் போடவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வாருங்கள்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: மருத்துவர்_ஓட்டக்காரர்

இரண்டு ஆபத்துகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குளிர்ந்த கடலோரத்தில் நீங்கள் மிஷன் பீக்கில் வியர்ப்பதைவிடக் குறைவாகவே வியர்ப்பீர்கள். வெயிலில் பழகிய பழக்கத்தில் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துத் தண்ணீர் குடித்தால், உடலில் நீர் மிகுந்து இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறையும். குமட்டல், தலைவலி, விரல் வீக்கம், குழப்பம் என்று அது வளர்ந்து வலிப்பு வரைக்கும் போகலாம். உப்பு மாத்திரை விழுங்கிவிட்டால் எவ்வளவு தண்ணீரும் குடிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. தாகத்துக்குக் குடியுங்கள், மோதிரம் இறுகினால் குடிப்பதை நிறுத்திவிட்டு உதவி நிலையத்தில் சொல்லுங்கள். கால்வலிக்கு இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை ஓட்டத்தின்போது எடுக்கவே கூடாது. நீண்ட ஓட்டத்தில் தசை சிதைந்து வெளிவரும் பொருள்களை வெளியேற்றச் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் அதற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை இந்த மாத்திரை குறைக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மற்றொன்று உடல் வெப்பம் குறைவது. ஓடும்வரை பத்து டிகிரி செல்சியஸ் இதமாகத்தான் இருக்கும். மூன்றாம் சுற்றில் ஓட்டம் நடையாக மாறும்போது உடல் உண்டாக்கும் வெப்பம் பாதியாகும். பனியில் நனைந்த சட்டையும் முகட்டுக் காற்றும் மீதியைப் பறித்துவிடும். குன்றேறி அவர்கள் நாற்காலியில் நடுங்கியதற்குக் காரணம் மன உறுதி குறைந்ததல்ல, உடல் குளிர்ந்ததுதான். நனையாத மேலங்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, முகட்டுக்கு ஏறும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். நடுக்கம் வந்தபின் அணிந்தால் பயன் குறைவு.

மறுமொழி 4
பதிவிட்டவர்: நெடுவழி

நான் சற்று மாறுபடுகிறேன். 50 மைலிலிருந்து நேரடியாக 100 மைலுக்குச் செல்வதில் தவறில்லை; ஆனால் மொத்தம் 20,000 அடி ஏற்றமுள்ள இந்தப் பாதையை முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி வாணி அவர்கள் மறுபடியும் யோசிக்க வேண்டும். 33 மணி நேரம் தாராளமாகத் தோன்றும். முதல் இரு சுற்றுகளை 14 மணி நேரத்தில் முடித்தாலும், மீதி இரண்டுக்கும் சுற்றுக்கு ஒன்பதரை மணி நேரம்தான் கிடைக்கும்; இரவில் பைரேட்ஸ் கோவ் படிகளில் இறங்குபவர்களுக்கு அது அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆகஸ்ட் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தோழி ஒருவருடன் கிளம்பி, ஒரு முழுச் சுற்றை இரவில் ஓடிப் பாருங்கள். கோடையில்தான் இங்கே பனி அடர்த்தி. அக்டோபரில் வானம் தெளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே ஆகஸ்ட் இரவைத் தாங்கினால் அக்டோபர் இரவைத் தாங்கலாம். அந்தச் சுற்று எட்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால், இந்த ஆண்டு இரண்டு சுற்றுடன் நிறுத்திக்கொள்ளும் 50 மைல் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்று: பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் இருக்காது. தனியாக இரவுப் பயிற்சிக்குப் போகாதீர்கள்.

மறுமொழி 5
பதிவிட்டவர்: மிஷன்பீக்_வாணி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் இரண்டு முறை படித்தேன். என் கணவரையும் படிக்கச் சொன்னேன். காரை ரோடியோ கடற்கரையில் நிறுத்த மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

நெடுவழி ஐயாவின் கணக்கை மறுக்க முடியவில்லை. ஆகஸ்டில் இரவுச் சுற்று ஒன்றை ஓடிவிட்டு, எட்டரை மணி நேரம் என்ற எல்லையை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன். தாண்டினால் 50 மைல் பிரிவுக்கு மாறுவேன். காட்டுலூப்பின் அவர்களே, வரும் சனிக்கிழமையே நாற்றங்காலுக்கு வருகிறேன். எங்கள் மகளையும் அழைத்து வரலாமா? அவளுக்குப் பதின்மூன்று வயது. சருகுக்கடியில் உறங்கும் புழுவைப் பற்றி அவளிடம் சொன்னதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு சிறு கேள்விகள் எஞ்சியுள்ளன. நான் மரக்கறி உணவு மட்டுமே உண்பவள். இரவில் உதவி நிலையங்களில் தரும் சூப்பை நம்பலாமா? என் கணவர் டென்னஸி பள்ளத்தாக்குக்கும் முடிவு இடத்துக்கும் நடுவே காரில் போய்வர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மறுமொழி 6
பதிவிட்டவர்: குன்றேறி

சூப்பைக் கேட்காமல் குடிக்காதீர்கள். நூடுல்ஸ் மட்டும் மிதந்தாலும், பெரும்பாலும் கோழிச் சாற்றுத் தூளில்தான் கொதிக்க வைப்பார்கள். அதிகாலையில் தொண்டு செய்பவர்களுக்கே எந்தப் பொட்டலம் என்று நினைவிருக்காது. நான் ஃபிளாஸ்கில் மிளகு ரசத்தை வடிகட்டி, உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போட்டு என் பையில் வைத்துவிடுவேன். தயிர்சாதத்தை நன்றாகக் குழைத்து, சிறிய ஜிப் பைகளில் கட்டி, மூலையை வெட்டிப் பிதுக்கிச் சாப்பிட்டால் நடந்துகொண்டே உண்ணலாம். ஆனால் அது குளிர்ப்பெட்டியில் இருந்தால்தான் நம்பலாம், இரண்டாம் சுற்றுக்கு மேல் வேண்டாம். அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் எல்லா நிலையத்திலும் இருக்கும். அதை நம்பி ஓடலாம்.

டென்னஸி பள்ளத்தாக்கிலிருந்து ரோடியோ கடற்கரைக்குக் குன்றின் குறுக்கே கார் செல்லாது. நெடுஞ்சாலைக்குத் திரும்பி, பாலத்தின் பக்கமாக வந்து, 1918இல் வெட்டிய ஒருவழிச் சுரங்கத்தின் வழியாக உள்ளே வர வேண்டும். அந்தச் சுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வழி. சிவப்பு விளக்கு விழுந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பகலில் சுற்றுலா நெரிசலும் சேரும் என்பதால் முக்கால் மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். இரவில் அவ்வளவு தேவைப்படாது.

மறுமொழி 7
பதிவிட்டவர்: காட்டுலூப்பின்

மகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். நீண்ட கைச்சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ அணிந்து வரட்டும், உண்ணி உண்டு. ஷூவைக் கழுவிவிட்டு வாருங்கள். உறங்கும் புழுவைத் தோண்டிக் காட்ட முடியாது. ஆனால் அது உறங்கும் செடியை நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்க்கிறார்கள், அதை அவள் கையாலேயே தொட்டியில் நடலாம்.